26 வாரமும் எங்க ஊர் பூக்காடும்

போன வாரம் சென்னையில இருந்து தங்கச்சி மக வந்திருந்தா. ஐ.டி. வேலை, சம்பளத்தோட 26 வாரம் பிரசவ லீவு. சந்தோஷம், நல்லா இருக்கட்டும். அவ கைப்பிள்ளையோட வரப்புல நின்னப்ப, எங்க காட்டுல மல்லிகை எடுத்துக்கிட்டிருந்த பொண்ணு நிமிர்ந்து பார்த்துச்சு. அதோட பிள்ளை வேப்பமரத்துத் தொட்டில்ல கிடக்கு. பிறந்து 40 நாள் ஆகல.

"இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருக்கக் கூடாதாம்மா?"ன்னு கேட்டேன்.

"இருந்தா யாரு சித்தப்பா கூலி குடுப்பா?"

கூலி குடுக்குறவன் நான்தான். வாய் வரல.

1961 மகப்பேறு நலச் சட்டத்துல இருந்து வந்த விதி ஃபேக்டரி, சுரங்கம், தோட்டம், 10 பேராவது வேலை பார்க்குற கடைன்னு போகுது. ஒரே முதலாளிகிட்ட, முந்தைய 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருக்கணும். 12 வாரத்தை 26 ஆக்குனது 2017-ல. தோட்டம்னா பூந்தோட்டம் இல்லீங்க. காபி, தேயிலை எஸ்டேட். தாண்டிக்குடி மலையில பெரிய எஸ்டேட்ல காபிப் பழம் பறிச்சா லீவு உண்டு. கீழ நிலக்கோட்டைப் பக்கம் பூ எடுத்தா கிடையாது. மலை இறங்குனா பிரசவ வலி குறைஞ்சிருமா?

80 நாளாம்! இந்தப் பொண்ணு வருஷத்துக்கு 200 நாளுக்குக் குறையாம குனிஞ்சு நிக்குது. என் காட்டுல கொஞ்சம், பக்கத்துக் காட்டுல கொஞ்சம், வெங்காய சீசன்ல வேற ஊர்ல கொஞ்சம். அதனால சட்டத்துக்கு முன்னாடி அதுக்கு முதலாளியே இல்லை.

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 வருதேன்னு கேப்பீங்க. நல்ல திட்டந்தான், குறை சொல்லல. அதுல 4,000 சத்துப் பெட்டகமாப் போயிரும், கையில 14,000. 26 வாரம்னா 182 நாள். வகுத்துப் பாருங்க, நாளுக்கு 77 ரூபா. அதுவும் ஏழைங்கிறதுக்காக வர்ற உதவி, உழைச்சதுக்கு வர்ற லீவுச் சம்பளம் இல்லை.

"அப்ப நீயே குடுய்யா"ங்கிறீங்களா? முகூர்த்தத்துக்கு ஏறுற மல்லி மறுநாளே விழுந்துரும். ஒன்றரை ஏக்கர்காரன் 26 வாரக் கூலியைத் தனியாச் சுமக்க மாட்டான். கட்டாயப்படுத்துனா கல்யாணமான பொண்ணை வேலைக்கே கூப்பிட மாட்டான். நானும் அப்படித்தான் செய்வேன், மறைக்க என்ன இருக்கு?

இ.எஸ்.ஐ. இருக்குற மில்லுல பிரசவப் பணத்தை முதலாளி தனியாக் குடுக்கல, பொது நிதியில இருந்து வருது. கூலிக்காரப் பொண்ணுக்கும் அப்படி ஒரு நிதி வைங்க. மார்க்கெட்டுல என் பூவுக்குக் கமிஷன் பிடிக்கிறப்ப கூட ஒரு ரூபா பிடிச்சுக்கட்டும், முனக மாட்டேன். தலையில வைக்கிற நீங்க முழத்துக்கு ஒரு ரூபா சேர்த்துக் குடுங்க. மிச்சத்தை அரசாங்கம் போடட்டும்.