இறங்கி வந்தவன் தோற்றவனா?

"சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போவேன்." டீக்கடையில் இப்படி முழங்குபவரின் வழக்கு பெரும்பாலும் முன்சீப் கோர்ட்டில் நோட்டீஸ் சார்வாகும் கட்டத்தில்தான் நின்றுகொண்டிருக்கும். தகராறு என்னவென்று கேட்டால் நாலடி நடைபாதை, அல்லது இரண்டு லட்சம் கைமாற்று. 'சமரச மையத்தில் ஒருமுறை பேசிப் பாருங்களேன்' என்று யாராவது சொன்னால் முகம் மாறிவிடும். "நான் எதுக்குங்க இறங்கிப் போகணும்? கேஸ் வீக்கா இருக்கிறவன்தான் சமாதானம் பேசுவான்."

படித்தவர், படிக்காதவர், பணம் உள்ளவர், இல்லாதவர் எல்லோரிடமும் இந்த நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. ஆனால் இது தலைகீழான நம்பிக்கை. கோர்ட் வளாகத்துப் புளியமரத்தடியில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள், வாய்தா வாங்கத் துடிப்பது யார் என்று தெரியும். கடனைத் திருப்பித் தராதவர், அடுத்தவர் இடத்தில் சுவர் எழுப்பியவர், வாடகை பாக்கி வைத்துக்கொண்டு வீட்டைக் காலி செய்யாதவர் ஆகியோருக்குத்தான் ஒவ்வொரு வாய்தாவும் லாபம். கேஸ் வீக்காக இருப்பவனுக்கு வழக்கு முடியாமல் இருப்பதே வெற்றி. அப்படியிருக்க, நியாயம் உள்ளவன் வீம்புக்காகச் சமரசத்தைத் தள்ளிவிட்டால், எதிராளிக்கு வேண்டியதைத் தன் செலவிலேயே செய்துகொடுக்கிறான்.

எனக்குத் தெரிந்த கிணற்றுத் தகராறு ஒன்று. பாகப்பிரிவினையில் கிணறு அண்ணன் பங்குக்குள் வந்தது; தண்ணீர் மட்டும் பொது, ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. மின் இணைப்பு அண்ணன் பெயரில். ஒரு கோடையில் மோட்டாரின் காயில் எரிந்துபோனது. கட்டுகிற செலவை யார் தருவது என்று பேச்சு தடித்தது. அண்ணன் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தம்பி கோர்ட்டுக்குப் போனார், ஆண்டுகள் பல கழித்து ஜெயித்தார். 'கிணற்றில் பாதி உரிமை உண்டு, தண்ணீர் எடுப்பதைத் தடுக்கக் கூடாது' என்று தீர்ப்பு. ஊருக்கே லட்டு கொடுத்தார்.

அடுத்த கோடையில் மறுபடி காயில் எரிந்தது. செலவு யாருடையது என்று தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை. இருக்கவும் முடியாது, வாதுரையில் கேட்டதற்குத்தான் கோர்ட் பதில் சொல்லும். அண்ணன் ஏற்கெனவே அப்பீல் போயிருந்தார். அந்த அப்பீலில்தான் நீதிபதி இருவரையும் சமரச மையத்துக்கு அனுப்பினார். மூன்று அமர்வு. முடிவில் எழுதிய இரண்டு பக்கத்தில் எல்லாம் இருந்தது: முறை காலை ஆறு மணிக்கு மாறும், ரிப்பேர் செலவு பாதிப் பாதி, ரூமுக்கு இரண்டு சாவி, அண்ணன் நிலத்தை விற்றால் தம்பியின் தண்ணீர் உரிமையைக் கிரயப் பத்திரத்தில் எழுத வேண்டும். தம்பி தீர்ப்பில் வென்ற பாதி உரிமையில் ஒரு சொட்டும் குறையவில்லை. தீர்ப்பு தராத சாவி கூடுதலாகக் கிடைத்தது. இதில் தோற்றவர் யார்?

ஜெயித்தே தீருவேன் என்பவர், ஜெயித்த பிறகு என்ன நடக்கும் என்று கேட்டுக்கொள்வதில்லை. முன்சீப் கோர்ட் தீர்ப்புக்கு மேல் முதல் மேல்முறையீடு, அதற்குமேல் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. பாகப்பிரிவினை வழக்கென்றால் முதல்நிலைத் தீர்ப்பு தனி, கமிஷனர் வந்து அளந்த பிறகு இறுதித் தீர்ப்பு தனி. எல்லாம் முடிந்தாலும் கையில் இருப்பது காகிதம்தான். அதைப் பணமாகவோ நிலமாகவோ மாற்ற நிறைவேற்று மனு போட்டு அமீனாவுக்காகக் காத்திருக்க வேண்டும். டிகிரி வாங்கிய பிறகுதான் இந்தியாவில் வழக்காடியின் கஷ்டமே தொடங்குகிறது என்ற பொருளில், அன்று நம் மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் 1872-இல் சொன்னது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கட்டளையிட்டது. இரண்டுக்கும் இடையே 149 ஆண்டுகள். நோய் அதேதான்.

'சமரசத்தில் எழுதிக்கொடுத்தது சட்டப்படி நிற்குமா?' என்று அடுத்து இழுப்பார்கள். நிற்கும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் உடன்பாட்டை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாகவே கருதுகிறது. அதன்மீது அப்பீல் கிடையாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் திருத்தமாகச் சேர்க்கப்பட்டு 2002-இல் நடைமுறைக்கு வந்த 89-ஆம் பிரிவு, வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்ப நீதிபதிக்கு வழிசெய்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து வழக்குப் போட்டது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். உச்ச நீதிமன்றம் திருத்தங்கள் செல்லும் என்றது. 2005-இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறக்கப்பட்டது.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் பணம் கேட்டுப் போடும் வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 3 சதவீதம். ஐந்து லட்ச ரூபாய் புரோநோட்டு வழக்கென்றால் 15,000 ரூபாய். வழக்கு சமரசத்தில் முடிந்தால் அது முழுவதும் திரும்ப வரும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போராடி ஜெயித்தவருக்கு இந்தச் சலுகை இல்லை.

'பேசப் போனால் நாம் சொன்னதையே பிடித்துக்கொண்டு கோர்ட்டில் மடக்குவார்கள்' என்பது இன்னொரு பயம். சமரச அறையில் பேசியது ரகசியம். அதைச் சாட்சியமாக்க முடியாது. சமரசர் தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டார். ஒத்துவரவில்லையென்றால் எழுந்து வந்துவிடலாம். வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சமரசம் என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆலமரத்தடியில் நாலு பெரிய மனிதர்கள் மிரட்டிக் கையெழுத்து வாங்குவது கட்டப் பஞ்சாயத்து. அது முற்றிலும் சட்டவிரோதம் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2011-இல் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் செய்தும், 'அண்ணனுக்கு விட்டுக்கொடும்மா, நாளைக்குச் சீர் செய்வான்' என்று தங்கையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது சமரசமாகாது, சுரண்டல். போலிப் பத்திரம், மோசடி போன்றவற்றுக்குத் தீர்ப்புதான் வேண்டும். அங்கே சுப்ரீம் கோர்ட் வரை போகத்தான் வேண்டும், போங்கள்.

ஆனால் ஊரில் நடக்கும் வழக்குகளில் எத்தனை அந்த ரகம்? பொதுச் சுவர், வரப்பு, கைமாற்று, அட்வான்ஸ் பாக்கி, அண்ணன் தம்பி ரோஷம். இவற்றில் இருவரும் மறுநாள் காலையில் அதே தெருவில்தான் முகம் பார்த்தாக வேண்டும்.

உங்கள் வழக்கு நிலுவையில் இருந்தால், அடுத்த வாய்தாவில் சமரசத்துக்கு அனுப்பும்படி உங்கள் வக்கீலை நீதிபதியிடம் கேட்கச் சொல்லுங்கள். இன்னும் வழக்கே போடவில்லையென்றால், தாலுகா கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுங்கள், கட்டணம் கிடையாது. விவரம் வேண்டுமானால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் போடாதீர்கள். கேஸ் பலமாக இருப்பவர்தான் முதலில் போய் உட்கார வேண்டும். பேரம் பேசும் பலம் அவரிடம்தான் இருக்கிறது.