சொல்வதைத் தெளிவாகச் சொல்லக் கூடாதா?

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலே வரி ஆங்கிலம். ஹார்ட் டிஸ்க் விரைவில் செயலிழக்கப் போகிறது, உள்ளே இருப்பதை உடனே பேக்கப் எடுத்துக்கொள், தொடர வேண்டுமானால் எஃப்1 அழுத்து. விரைவில் என்றால் எப்போது? இன்று ராத்திரியா, அடுத்த தீபாவளிக்கா? எந்தப் பகுதி கெட்டிருக்கிறது? எதை முதலில் காப்பாற்றுவது? ஒன்றுக்கும் பதில் கிடையாது. எஃப்1 அழுத்தினால் வழக்கம்போல எல்லாம் திறந்துகொள்கிறது. மறுநாள் காலையில் திரும்பவும் அதே நாலு வரி.

டிஸ்க் கெட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. ஓடுகிற பொருள் தேயத்தான் செய்யும். நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிற தட்டு. அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி படிக்கிற முனை. இவ்வளவு நுட்பமான ஒன்று பஸ்ஸிலும் ரயிலிலும் குலுங்கி, இத்தனை கோடை வெயிலையும் தாங்கி உழைத்ததே பெரிது. என் ஆற்றாமையெல்லாம் வேறு. நடப்பதில் பெரும்பகுதி அந்த டிஸ்க்குக்குத் தெரியும். தெரிந்ததை நமக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

டிஸ்க்குக்குள் ஸ்மார்ட் என்ற கணக்கு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 1990களில் டிஸ்க் தயாரிப்பாளர்கள் கொண்டுவந்த ஏற்பாடு அது. தட்டில் ஓர் இடம் கெட்டால், இதற்கென்றே ஒதுக்கிவைத்திருக்கும் உதிரி இடத்துக்கு டிஸ்க் அந்த வேலையை மாற்றிக்கொள்ளும். அப்படி மாற்றியவை எத்தனை என்பதை 5ஆம் எண்ணின் கீழ் குறித்துக்கொள்ளும். படிக்க முடியாமல் தகராறு செய்துகொண்டு, இன்னும் மாற்றப்படாமல் நிற்கும் இடங்களின் கணக்கு 197இல். மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது 9இல். என் டிஸ்க்கில் 197ஆம் கணக்கு ஏறிக்கொண்டே போனதை நான் பார்த்தேன் என்றால், அதற்கென்று ஒரு மென்பொருளைத் தேடி இறக்கிப் பார்த்ததால்தான். சாதாரணமாக லேப்டாப்பைத் திறந்து மூடுகிறவர் கண்ணில் இந்த எண்கள் எங்கேயும் படாது. பேட்டரி எத்தனை சதவீதம் என்று திரையின் மூலையில் எந்நேரமும் காட்டுகிறார்கள். சார்ஜரைச் செருகினால் தீர்ந்துபோகிற விஷயம் அது. போனால் திரும்பி வராதவை இருக்கிற டிஸ்க்கின் நிலையைக் காட்ட அந்த மூலையில் இடமில்லையா?

அந்த எச்சரிக்கையாவது நேரத்துக்கு வருகிறதா என்றால், அதுவும் இல்லை. எந்த அளவுக்குக் கெட்டால் எச்சரிக்க வேண்டும் என்ற எல்லையை வகுப்பவர் தயாரிப்பாளரே. அந்த எல்லையைத் தொடும்வரை, கெட்ட இடங்கள் கூடிக்கொண்டே போனாலும், கேட்டால் ‘நலம்’ என்றுதான் பதில் வரும். கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. செயலிழந்தவற்றில் 36 சதவீதத்துக்கும் மேலானவை, வெப்பநிலையைத் தவிர்த்துப் பார்த்தால், ஸ்மார்ட்டின் எந்தக் கணக்கிலும் ஒரு முன்னறிகுறியும் காட்டாமலே போயிருக்கின்றன. அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. தட்டைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாளுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு. முதல் பிழையே இவ்வளவு சொல்கிறது என்றால், அன்றைக்கே டிஸ்க்கின் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? எல்லாம் முற்றிய பிறகு கறுப்புத் திரையில் வந்து ‘உடனே’ என்பது என்ன நியாயம்?

அந்த ‘உடனே’வும் லேசில்லை. கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கிலிருந்து காப்பி எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படங்கள் இருக்கும் ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டால் முதலில் விறுவிறுவென்று போகும். பிறகு ஒரு படத்தில் நிற்கும். படிக்க முடியாத இடத்தை டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது. அதுவரை மொத்த லேப்டாப்பும் உறைந்து நிற்கிறது. கெட்டதைத் தாண்டிப்போய் நல்லதையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, பிறகு கெட்ட இடத்துக்குத் திரும்பி வருகிற டிடிரெஸ்க்யூ மாதிரி மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. டிஸ்க் சாகப்போகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த கணினிக்கு, காப்பி எடுக்கும் நேரத்தில் இந்த முறையில் எடு என்று சொல்லித்தர ஏன் மனசு வரவில்லை? அதற்குப் பதிலாக, திறக்கும்போதே விண்டோஸின் செக்டிஸ்க் தானாக ஓட ஆரம்பிக்கிறது. கோப்பு அட்டவணையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று, மூச்சு வாங்கும் டிஸ்க்கை மேலும் மேலும் படிக்கவைக்கிறது. மிச்சமாகக் கிடைப்பவை பெயர் போய், வெறும் எண்ணும் ‘சிஎச்கே’ என்ற வாலுமாக ஒரு ஃபோல்டரில் கிடக்கும். அவற்றில் எது யார் கல்யாணம், எது யார் சான்றிதழ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைக்குக் கொண்டுபோனால் அங்கே வேறு மாதிரி.

“ஒண்ணும் இல்ல சார், ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டுட்டா சரியாயிடும்.”

“தம்பி, உள்ள இருக்கிறது எனக்கு வேணும்ப்பா.”

“அப்ப பயாஸ்ல அந்த செக்கை ஆஃப் பண்ணிடவா சார்? மெசேஜ் வராது.”

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. செய்தி வருவதுதான் வாடிக்கையாளரின் தொல்லை என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முழு ஃபார்மேட் அடித்தால், தகராறு செய்த இடங்களின்மேல் புதிதாக எழுதப்பட்டு 197ஆம் கணக்கு சுழியத்துக்கு இறங்கவும் கூடும். டிஸ்க் பிழைத்துவிட்டது போலத் தெரியும். உள்ளே இருந்தவை போனது போனதுதான். இன்னொருவர் பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார். சென்னையின் ஈரக்காற்றில் குளிர்ந்த இரும்பை வெளியே எடுத்தால் தட்டின்மேல் நீர்தான் கோக்கும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

உள்ளே இருப்பவை என்ன என்று இவர்கள் யாரும் கேட்பதே இல்லை. அம்மா எங்கள் குலதெய்வத்தின் கதையைச் சொன்ன ஒலிப்பதிவு. தங்கச்சியின் கல்லூரிச் சான்றிதழ்களின் ஸ்கேன். யூனிகோடு பரவுவதற்கு முன், பழைய எழுத்துருக்களில் அப்பா தட்டச்சு செய்துவைத்த கட்டுரைகள். அவற்றை எடுக்கும்போது அந்த எழுத்துருக் கோப்புகளையும் கூடவே எடுக்க வேண்டும். இல்லையென்றால் கட்டுரை பிழைத்தும் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். வாரன்டி காலத்திலேயே போயிருந்தாலும் புது டிஸ்க் தருவார்களே தவிர, இவற்றைத் தரமாட்டார்கள். தூசியில்லா அறையில் வைத்துப் பிரித்து மீட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள்தான். அவர்கள் கேட்கும் கூலி டிஸ்க்கின் விலையைவிடப் பல மடங்கு. மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டாது.

இப்போது எஸ்எஸ்டி போட்டாயிற்று. சுற்றுகிற தட்டு இல்லை. போகிற காலத்தில் டிக் டிக் என்று சத்தம் காட்டவும் வழியில்லை. இதற்குள்ளும் கணக்கு ஓடுகிறது. எழுதித் தாங்கும் ஆயுளில் எவ்வளவு செலவாகிவிட்டது என்பதைச் சதவீதமாகவே வைத்திருக்கிறது. எந்தப் படிப்பும் இல்லாமல் புரிகிற ஒரே ஒரு எண். பேட்டரிக்குப் பக்கத்தில் அப்படியே போட்டுவிடலாம். அதையும் தனி மென்பொருளை இறக்கித்தான் நான் பார்க்க வேண்டியிருக்கிறது. மதுரையில் டியூஷன் எடுக்கிற என் அக்காவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவள் லேப்டாப்பை யார் பார்த்துச் சொல்வது?