களிமண்ணுக்கு கரன்ட் வைத்தியம்... நம்ம மனைக்கு ஆகுமா?

திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீஸ்வரர் கோயிலுக்கு மலையே அஸ்திவாரம். கீழே வயலை மனையாக்கி வீடு கட்டுகிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அடியில் இளகிய களிமண் இருந்தால், பாரம் ஏற ஏற மண் மெள்ள அமுங்கும். ஒரு மூலை மட்டும் கூடுதலாக இறங்கினால் போதும், லோன் போட்டுக் கட்டிய சுவரில் விரிசல் ஓடும்.

காரணம், மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர். மணல் என்றால் மோட்டார் வைத்து இறைத்துவிடலாம். களிமண் லேசில் விடாது. அதற்குத்தான் கரன்ட் வைத்தியம். பெயர், எலெக்ட்ரோ ஆஸ்மோசிஸ்.

1809-ல் மாஸ்கோவில் ராய்ஸ் என்ற பேராசிரியர் ஈரக் களிமண்ணில் மின்சாரம் செலுத்தினார். தண்ணீர் நெகட்டிவ் முனைப் பக்கமாக நகர்ந்தது! களிமண் துகளின் மேற்பரப்பில் இருப்பது நெகட்டிவ் மின்னூட்டம். அதனால் சுற்றியுள்ள நீரில் பாசிட்டிவ் அயனிகள் மொய்த்திருக்கும். கரன்ட் கொடுத்ததும் அவை நெகட்டிவ் கம்பியை நோக்கி ஓடும். போகிற போக்கில் தண்ணீரையும் இழுத்துப்போகும். அங்கே சேரும் நீரை இறைத்துவிட்டால் மண் இறுகும். பாசிட்டிவ் பக்க இரும்புக் கம்பி அரித்துப்போவதுகூட நஷ்டமில்லை. கரையும் இரும்பு மண்ணை இன்னும் கெட்டியாக்கும்.

இதைக் கட்டுமானத்துக்குக் கொண்டுவந்தவர் லியோ காசாகிராண்டே. 1939-ல் ஜெர்மனியின் சால்ஸ்கிட்டரில், ரயில் பாதைக்காக வெட்டிய பள்ளத்தின் சரிவு நிற்காமல் சரிந்தபோது கைகொடுத்தது இந்த முறைதான். இரண்டாம் உலகப் போரின்போது நார்வேயின் ட்ரோண்ட்ஹைமில் நீர்மூழ்கிக் கப்பல் தளத்துக்குத் தோண்டிய இடத்திலும் பயன்பட்டது.

அப்படியென்றால் நம் மனையில்? வீட்டு பிளக்கில் ஒயரை மாட்டி முயற்சி செய்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. அது ஏ.சி. கரன்ட் என்பதால் பலனும் இல்லை. இதற்கு டி.சி. வேண்டும், பல நாள் ஓட வேண்டும், மின்செலவும் அதிகம். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கம் கழிமுக மண்ணில் உப்பு இருந்தால் இன்னும் சிக்கல். உப்புநீர் வழியே கரன்ட் சுலபமாகப் பாய்ந்து வெப்பமாக வீணாகும். தண்ணீர் அவ்வளவாக நகராது.

தனி வீட்டுக்கு மலிவான வழி, கடைக்கால் தோண்டும் முன்பே மண் பரிசோதனை. பக்கத்து வீட்டு ஆழத்தைப் பார்த்து 'அஞ்சடி போதும்' என்று மேஸ்திரி சொன்னாலும், களிமண் எத்தனை அடி வரை போகிறது என்று துளை போட்டுப் பார்த்துவிடுங்கள். கெட்டி மண் ஆழத்தில் இருந்தால் பைல் அஸ்திவாரம் தேவைப்படலாம். அதை இன்ஜினீயர்தான் முடிவு செய்ய வேண்டும்.