சர்வருக்கு எஸ்எஸ்டி வாங்கும் முன் ஒரு வாரம் அளந்து பாருங்கள்

2021 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுவில் இருக்கும் பெரிய தொடுதிரை செயலிழந்துபோவதாகப் புகார்கள் குவிந்திருந்தன. திரை போனால் பின்புறக் கேமராவின் படமும் போய்விடும். எஞ்சிய கார் முழுதும் நன்றாகவே இருந்தது. கோளாறு 8 ஜிபி கொள்ளளவுள்ள ஒரு ஃபிளாஷ் சிப்பில். காரின் மென்பொருள் அதில் ஓயாமல் எதையாவது எழுதிக்கொண்டே இருந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் சிப் தேய்ந்து தீர்ந்துவிட்டது. மாற்றாக வைக்கப்பட்டது 64 ஜிபி சிப்.

அலுவலக சர்வர்களில் மாட்டப்படும் எஸ்எஸ்டிக்குள் இருப்பதும் அதே ஃபிளாஷ் நினைவகம்தான். ஆனால் பல அலுவலகங்களுக்கு வரும் கொட்டேஷனில் கொள்ளளவு, வேகம், விலை என்ற மூன்று வரிகளே இருக்கின்றன. எவ்வளவு எழுதினால் தேயும் என்ற நான்காவது வரி இருப்பதில்லை. வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவர் சொல்வதில்லை. இந்த வழக்கம் மாற வேண்டும்.

ஃபிளாஷ் தேய்வதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்றின் வழியே எலக்ட்ரான்கள் பாய்கின்றன. படலம் சிறிது சிதைகிறது. ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைத்த பழைய எஸ்எல்சி வகை சுமார் ஒரு லட்சம் முறை தாங்கியது. மூன்று பிட் வைக்கும் டிஎல்சி சில ஆயிரம் முறை தாங்கும். நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி அதைவிடக் குறைவு. விலை குறைந்து கொள்ளளவு பெருகியதற்கு நாம் கொடுத்த ஈடு இது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாத கரும்பலகையை நினைத்துப் பாருங்கள். அழித்தால் பலகை முழுவதையும் அழிக்க வேண்டும். வேண்டிய வரிகளை முதலில் வேறு பலகைக்கு மாற்றி எழுதியாக வேண்டும். எஸ்எஸ்டி அப்படித்தான் இயங்குகிறது. எழுதுவது கிலோபைட் கணக்கில், அழிப்பது மெகாபைட் கணக்கில். அதனால் சர்வர் 1 ஜிபி எழுதச் சொன்னால் உள்ளே 2 ஜிபி, 3 ஜிபிகூட எழுதப்படலாம். டேட்டாபேஸ்கள் தம் பங்குக்கும் சேர்க்கின்றன. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, பாதுகாப்புக்காகத் தரவுப் பக்கங்களை இருமுறை எழுதுவது வழக்கம்.

கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். வீட்டுக் கணினிக்காக விற்கப்படும் சாம்சங் 870 ஈவோ 1 டிபி டிரைவுக்கு நிறுவனம் வாரண்டி தருவது 600 டிபி எழுதும் வரை. வீட்டில் நாளுக்கு 20 ஜிபி எழுதினால் அந்த எல்லையைத் தொட எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதையே நாளுக்கு 1 டிபி எழுதும் சர்வரில் மாட்டினால் 600 நாள். இரண்டு ஆண்டுகள்கூட இல்லை.

சர்வர் டிரைவுகளுக்கு வேறு அளவுகோல் உண்டு. வாரண்டிக் காலம் முழுவதும் நாளொன்றுக்கு டிரைவின் மொத்தக் கொள்ளளவையும் எத்தனை முறை எழுதலாம் என்பதே அது, டிடபிள்யூபிடி என்பார்கள். சந்தையில் இன்று பெரும்பாலும் கிடைப்பவை 1, 3 என்ற இரண்டு தரங்கள். மைக்ரான் 7450 வரிசையில் புரோ 1, மேக்ஸ் 3. கொள்ளளவைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்: 3.84 டிபி என்றால் 1, 3.2 டிபி என்றால் 3. இரண்டிலும் உள்ள சிப்கள் பெரும்பாலும் ஒரே அளவுதான். 3.2 டிபி டிரைவில் கூடுதலான பகுதி உதிரியாக ஒதுக்கப்படுகிறது. காலிப் பலகைகள் அதிகம் இருந்தால் மாற்றி எழுதும் வேலை குறைகிறது, டிரைவ் நீடிக்கிறது.

அப்படியானால் எல்லோரும் 3 வாங்க வேண்டுமா? வேண்டாம். டொரொண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெட்ஆப் நிறுவனத்தின் சேமிப்பகங்களில் இருந்த ஏறத்தாழ 20 லட்சம் எஸ்எஸ்டிக்களின் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். மிகப் பெரும்பாலானவை தம் எழுத்து ஆயுளை மிக மெதுவாகவே செலவழித்திருந்தன. கோப்பு சர்வருக்கும் இணையதள சர்வருக்கும் 1 தாராளம். டேட்டாபேஸின் பரிவர்த்தனைப் பதிவுகள், பல சர்வர்களின் லாக் வந்து குவியும் இடம், எழுதும் கேச் ஆகியவைதாம் டிரைவைத் தின்பவை.

தன் சர்வர் எந்த வகை என்பதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. என்விஎம்இ டிரைவுகள் தாமே கணக்கு வைத்திருக்கின்றன. லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற இலவசக் கருவியை ஓட்டினால் 'டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்' என்று ஒரு வரி வரும். ஒரு யூனிட் 5,12,000 பைட். இந்தத் திங்கட்கிழமை 1,00,00,000 என்றும் அடுத்த திங்கட்கிழமை 1,40,00,000 என்றும் காட்டினால், வாரத்துக்குச் சுமார் 2 டிபி, நாளுக்குச் சுமார் 290 ஜிபி. 1.92 டிபி டிரைவுக்கு இது 0.15 டிடபிள்யூபிடிதான். கூடுதல் பணம் கொடுக்க அவசியமே இல்லை. அதே சர்வர் நாளுக்கு 2 டிபி எழுதினால் 1 தரமுள்ள 1.92 டிபி டிரைவ் எல்லையைத் தாண்டிவிடும். அப்போது வழி இரண்டு: 3 தரத்துக்குப் போகலாம், அல்லது அதே 1 தரத்தில் 3.84 டிபி வாங்கலாம். சுமை பாதியாகப் பிரிந்துவிடும். டெஸ்லா காரில் 64 ஜிபி சிப் வைத்ததன் பலனும் இதுவே.

எழுத்து ஆயுளோடு இன்னும் இரண்டைக் கேட்டுப் பெற வேண்டும். முதலாவது, மின்சாரம் திடீரென நின்றால் கையிருப்பில் உள்ள தரவை எழுதி முடிக்கும் மின்தேக்கிகள். மலிவான வீட்டு டிரைவுகளில் இவை இருப்பதில்லை. இரண்டாவது, டிரைவுக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட். 2019 நவம்பரில் சர்வர் நிறுவனமான எச்பிஇ, தன் எஸ்எஸ்டிக்களில் சில ஃபர்ம்வேர் பிழையால் சரியாக 32,768 மணி நேரம் இயங்கியதும் செயலிழக்கும் என்று எச்சரித்தது. தரவை மீட்கவும் முடியாது. ஒரே நாளில் மாட்டிய டிரைவுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போய்விடும் என்பதால், ஒரு டிரைவ் போனாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும் ரெய்டு அமைப்பு இருந்தும் காப்பாற்றாது. இரட்டை நகலாக இயங்கும் டிரைவுகள் ஒரே அளவு எழுதி ஒன்றாகவே தேய்வதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

தேய்ந்த டிரைவைக் கழற்றி, உள்ளிருக்கும் தரவை நம்பி பீரோவில் வைப்பவர்களும் கவனிக்க வேண்டும். எழுத்து ஆயுள் தீர்ந்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 40 டிகிரி வெப்பத்தில் மூன்று மாதம் தரவைக் காத்தால் போதும் என்பதே சர்வர் டிரைவுகளுக்கு ஜெடெக் அமைப்பு வகுத்த தரநிர்ணயம்.

அரசு அலுவலகமோ, கூட்டுறவு வங்கியோ, தனியார் மருத்துவமனையோ, அடுத்த டெண்டரைத் தயாரிப்பவர்கள் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும்: அளந்து பார்த்த தினசரி எழுத்து அளவு, அதற்கேற்ற டிடபிள்யூபிடி, மின்தடைப் பாதுகாப்பு. குறைந்த விலை சொன்னவரைத் தேர்ந்தெடுப்பது இந்த மூன்றுக்கும் உடன்பட்டவர்களுக்கு இடையில் மட்டும் நடக்கட்டும். அளவீட்டை இந்தத் திங்கட்கிழமையே தொடங்கலாம்.