துண்டுத்துணி நட்சத்திரமும் கூலிக் கணக்கும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கிடங்குகளில் ஆண்டு முழுவதும் துண்டுத்துணி சேர்ந்துகொண்டே இருக்கும். அளவு குறைந்தவை, கறைபட்டவை, பாவின் கடைசியில் எஞ்சியவை ஆகிய இவற்றை எடைபோட்டு விற்றுவிடுவதே வழக்கம். என் சரகத்திலுள்ள ஒரு சங்கம் அவ்வாறு விற்காமல், அத்துணியில் வண்ணந்தீட்டிக் கிறிஸ்துமஸ் விழாவுக்குரிய நட்சத்திரம், மணி, புறா முதலிய தொங்கல்களைச் செய்து விற்றது. அம்முயற்சியை நான் வரவேற்கிறேன். அதன் கணக்கை வரவேற்க இயலவில்லை. அக்கணக்கை முதலில் பாராட்டியவனும் நானே ஆதலின், இதனை எழுதக் கடமைப்பட்டுள்ளேன்.

பளபளக்கும் நெகிழிப் பொருள்களைக் கண்டு சலித்தவர்கள், கைவேலையின் சுவடு தெரியும் நாட்டுப்புறத் தோற்றத்தை இன்று விரும்புகின்றனர். மங்கிய வெள்ளை, செங்காவி, பாசிப்பச்சை ஆகிய நிறங்களும், நூல் பிரிந்த ஓரமும் அத்தோற்றத்துக்கு அழகு தருவன. ஆயினும் எளிய தோற்றம் வேறு. கவனமற்ற வேலை வேறு. கோராத் துணியை வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்காவிடில் வண்ணம் நூலுக்குள் இறங்காது. சில நாளில் உதிர்ந்துவிடும். கடுக்காய் நீரில் தோய்த்தால் பழமை தோன்றும் இளமஞ்சள் கிடைக்கும். வண்ணந்தீட்டிய துணியை நிழலில் நன்கு உலர்த்தி, மறுபுறம் இஸ்திரி போடவேண்டும். தையலுக்கு வெளியே அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி, உள்ளே கழிவுப் பஞ்சை அடைத்து, சணல் கயிற்றில் கோத்தால் தொங்கல் முடிந்தது.

துணியில் எழுதுவது நமக்குப் புதிய கலையன்று. தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டை, கோயில்களுக்கும் தேர்களுக்கும் தொம்பைகள் எழுதிப் பெயர் பெற்ற ஊர். கருப்பூர்க் கலம்காரி ஓவியங்கள் 2021-இல் புவிசார் குறியீடும் பெற்றன. கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், வெல்லமும் இரும்பும் ஊறிய நீரால் கருங்கோடு இழுப்பது அம்மரபு. தேருக்குத் தொங்கல் எழுதிய நாட்டுக்குத் தேவாலய வாயிலுக்கு நட்சத்திரம் எழுதுவது அரிதாகுமா? பருத்தி, அவுரி, கடுக்காய் ஆகியவற்றை விளைவிப்போரும் திரட்டுவோரும் இதில் பங்கு பெறலாம்.

காலமும் இதற்கு இசைவாக உள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறிகளில் நீர் ஊறி நெசவு நின்றுவிடுவதை உறுப்பினர்கள் அறிவர். வெயில் காலத்தில் வண்ணந்தீட்டி வைத்துக்கொண்டால், மழை நாட்களில் வீட்டிலிருந்தே தைத்து முடித்து, டிசம்பர் விற்பனைக்கு அனுப்பலாம்.

இனி, கணக்கிற்கு வருகிறேன். அச்சங்கம் ஒரு நட்சத்திரத்தை 35 ரூபாய்க்கு விற்றது. துணி, வண்ணம், பஞ்சு, கயிறு எல்லாம் சேர்ந்து 12 ரூபாய். எஞ்சிய 23 ரூபாய் லாபம் என்று பேரேட்டில் இருந்தது. கூலி என்ற இனத்தில் ஒரு காசும் இல்லை. “ஓய்வுநேர வேலை” என்று குறிப்பெழுதி, செய்த பெண்களுக்கு ஆளுக்கொரு சேலை வழங்கியிருந்தனர். “பாராட்டத்தக்க லாபம்” என்று என் ஆய்வறிக்கையில் எழுதினேன்.

நான் புறப்படும்போது வயது முதிர்ந்த உறுப்பினர் ஒருவர், “ஐயா, தறியில் உட்கார்ந்தால் கூலி, அதே கையால் ஊசி பிடித்தால் ஓய்வா?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. மறுநாள் மீண்டும் சென்று, கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவர்கள் வேலையைக் கவனித்தேன். கோடிட்டு, வண்ணந்தீட்டி, வெட்டி, தைத்து முடிக்க ஒரு நட்சத்திரத்துக்கு 40 நிமிடம் சென்றது. அதாவது 8 மணி நேரத்தில் 12 நட்சத்திரங்கள். நாட்கூலி 480 ரூபாய் என வைத்துக்கொண்டால், ஒன்றுக்குக் கூலி மட்டும் 40 ரூபாய். அடக்கவிலை 52 ரூபாய் ஆகிறது. நான் பாராட்டிய 23 ரூபாய் லாபம், உண்மையில் 17 ரூபாய் நட்டம். அந்நட்டத்தைச் சங்கம் ஏற்கவில்லை, அப்பெண்களே ஏற்றிருந்தனர்.

“மழைக்காலத்தில் ஒன்றும் இல்லாததற்கு இதுவாவது கிடைக்கட்டும்” என்பார் உளர். இது வணிகர் சொல்லும் பழைய சொல். ஜெர்மனியில் துரிங்கியா மலைப்பகுதியின் லவுஷா என்னும் ஊர், கிறிஸ்துமஸ் மரத்துக்குரிய கண்ணாடி உருண்டைகளை 19-ஆம் நூற்றாண்டில் வீடுதோறும் செய்தது. பெற்றோருடன் பிள்ளைகளும் வேலை செய்தனர். 1880-களில் அமெரிக்க வணிகர் வுல்வொர்த் அப்பொருள்களைத் தம் கடைகளில் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டினார். ஊதிய குடும்பங்களோ வணிகர் வைத்த விலைக்குக் கட்டுப்பட்டிருந்தன. அந்நிலை நம்மவர்க்கு நேராதிருக்கவே சங்கம் கண்டோம். சங்கமே அவ்வணிகரின் இடத்தில் அமர்ந்துவிட்டால், உறுப்பினர் எவரிடம் முறையிடுவது?

அச்சங்கம் இப்போது வேலையைப் பிரித்துக்கொண்டுள்ளது. ஒருவர் அட்டை வைத்துக் கோடிட, ஒருவர் வண்ணந்தீட்ட, ஒருவர் வெட்ட, இருவர் தைக்கின்றனர். ஒரு நட்சத்திரத்துக்குச் செல்லும் நேரம் 24 நிமிடமாகக் குறைந்துள்ளது. கூலி 24 ரூபாய், பொருள் 12 ரூபாய், ஆக அடக்கம் 36 ரூபாய். 50 ரூபாய்க்கு விற்றால், விற்பனைச் செலவும் சங்கத்தின் பங்கும் எஞ்சிய 14 ரூபாயில் அடங்கும். அவ்விலைக்கு வாங்குவார் இல்லையெனில், அப்பொருளைச் செய்யாதிருப்பதே முறை. துண்டுத்துணியை எடைக்கே விற்றுவிடலாம். உறுப்பினரின் உழைப்பை எடைக்கு விற்கலாகாது.

அடுத்த பேரவைக் கூட்டத்தில், பக்கத்தொழில் எதுவாயினும் அதன் கணக்கில் கூலி என்ற இனம் உள்ளதா என்று உறுப்பினர்கள் கேட்கவேண்டுகிறேன். ஆய்வுக்கு வருபவர் கேட்க மறந்தாலும், கேட்கும் உரிமை உங்களுடையது.