மாற்றுச் சிறுநீரகமும் மறவாத மருந்தும்

நம் செங்கற்பட்டு வட்டாரத்தார் 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். சாலை விபத்தில் மூளைச்சாவு எய்திய திருக்கழுக்குன்றத்து இளைஞர் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் தானமாக வழங்கினர். தமிழ்நாட்டில் உறுப்புதானம் பரவ அச்செயல் பேரூக்கம் தந்தது. கொடுத்தவரைப் போற்றுகிறோம். பெற்றவர் பின்னாளில் படும் பாட்டைப் பற்றியோ நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதன்முதலாக வெற்றி கண்ட சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, ஒரே கருவில் உருவான இரட்டையரிடையே நடந்தது. ஆகவே உடல் அவ்வுறுப்பை அந்நியமாகக் கருதவில்லை. மற்றையோர்க்கு அப்படியன்று. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகளே உடலின் எதிர்ப்பை அடக்கி வைக்கின்றன. சிறுநீரகம் இயங்கும் காலமெல்லாம், குறித்த வேளையில், அவற்றை உட்கொள்ள வேண்டும். பாவில் இழை அறுந்தால் நெசவாளி உடனே காண்கிறார். மருந்து தவறினால் உடலுக்குள் நேரும் சேதமோ கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிய வரும்போது காலம் கடந்திருக்கலாம்.

இவ்வளவு அரிதாகக் கிடைத்த உறுப்பைப் பெற்றவர் மருந்தை எவ்வாறு தவறவிடுவார் என்று பலர் சினத்துடன் வினவுகின்றனர். சினம் இங்கே பயன்தராது என்பதே நமது கருத்து. காரணங்கள் பல.

முதலாவது, மறதி. நீடித்த சிறுநீரக நோயே நினைவையும் கவனத்தையும் மங்கச் செய்வதுண்டு. மாத்திரைகளோ பல, வேளைகளும் பல. இரண்டாவது, நலமாயிருக்கிறோம் என்ற நம்பிக்கை. நோவு இல்லாதபோது மருந்தெதற்கு என்று மனம் கேட்கிறது. மூன்றாவது, பக்க விளைவுகள். கை நடுக்கம் தறியில் அமர்பவரை வருத்தும். முகம் உப்புதல் இளம் பெண்ணை நாணச் செய்யும். நான்காவது, மனச்சோர்வு. தாயோ தமையனோ தந்த உறுப்பாயின், தீராக் கடன்பட்டோம் என்னும் பாரமும் சேர்கிறது. பருவ வயதினரோ மற்றவரைப்போல் இருக்க விரும்பியே மருந்தை ஒளிக்கின்றனர்.

மறந்து விடுபவர்க்கும் வேண்டுமென்றே விடுபவர்க்கும் மருந்து ஒன்றன்று. முன்னவர்க்கு வேளைவாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டியும், கைப்பேசியின் மணியும், பல் துலக்குதல் போன்ற அன்றாடப் பழக்கத்தோடு பிணைப்பதும் உதவும். பின்னவர்க்கு அச்சமின்றிப் பேச ஒருவர் வேண்டும். "ஏனப்பா மருந்து சாப்பிடவில்லை?" என்று அதட்டினால், "சாப்பிட்டேன்" என்ற பொய்யே விடையாகும். "இந்த வாரம் எந்த வேளை தவறிற்று?" என்று பரிவுடன் கேட்டால் உண்மை வெளிவரும். பக்க விளைவுகளை மருத்துவரிடம் கூறினால் அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு; தாமாக நிறுத்துதலும், பிறர் சொல்கேட்டு நாட்டு மருந்து சேர்த்தலும் கூடா.

சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணை நிற்கிறது. ஆயினும் ஊரப்பாக்கத்திலிருந்து சென்னை மருத்துவமனைக்குச் சென்று மீளுகையில் ஒருநாள் கூலி போய்விடுகிறது. இங்கேதான் கூட்டுறவுக்கு வேலையுண்டு. நூல் வழங்கும் நாளும் மருத்துவமனை நாளும் ஒன்றாயின், அவ்வங்கத்தினர்க்கு மறுநாள் நூல் தரலாம். அறுவடைக் காலத்தில் அவர் பங்கு வேலையை அண்டை வயலார் ஏற்கலாம். பயணச் செலவுக்குச் சிறு கைமாற்று அளிப்பதும் சங்கத்தால் ஆகாத காரியமன்று.

ஒருவர் சுமையைப் பலர் தாங்குவதே கூட்டுறவு. உறுப்பைத் தந்தவர் ஒருநாள் தந்தார். அதைக் காக்கும் பணி நாள்தோறும் நடப்பது. அப்பணியில் நோயாளியைத் தனியே விடலாகாது. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை எடுத்துப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.