கட்டற்ற உரிமப் படங்களும் ஆய்வறமும்

தமிழியல் ஆய்வுக் கட்டுரைகளில் நடுகல், கல்வெட்டு, சிற்பம், ஓலைச்சுவடி ஆகியவற்றின் ஒளிப்படங்கள் இன்று மிகுதியாக இடம்பெறுகின்றன. இணையத்தில் பெறப்படும் படங்களின்கீழ் ‘நன்றி: இணையம்’ என்றோ ‘நன்றி: கூகுள்’ என்றோ குறிக்கும் வழக்கமும் காணப்படுகிறது. நூலிலிருந்து ஓரடியை எடுத்தாளும்போது ஆசிரியர், பதிப்பு, பக்கம் ஆகியவற்றைத் தவறாது சுட்டும் ஆய்வாளர், படத்திற்கு மட்டும் இவ்வாறு எழுதுவது ‘நன்றி: நூலகம்’ என எழுதுவதற்கு ஒப்பாகும். நூலகம் நூலை இயற்றுவதில்லை. தேடுபொறி படத்தை எடுப்பதுமில்லை.

‘கட்டற்ற’ என்னும் சொல்லை ‘உரியவர் அற்ற’ எனப் பொருள்கொள்வதே இவ்வழக்கிற்குக் காரணம் எனலாம். 2002-ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியிடப்பெற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் பதிப்புரிமையைத் துறப்பன அல்ல. நிபந்தனைகளுடன் பயன்பாட்டிற்கு முன்கூட்டியே இசைவளிப்பன. 2013-இல் வெளிவந்த 4.0 பதிப்பின்படி, படைப்பாளர் தந்துள்ள பெயர், உரிமக் குறிப்பு, மூல இணைப்பு ஆகியவற்றோடு, படத்தில் மாற்றம் செய்யப்பட்டிருப்பின் அதனையும் சுட்டுதல் வேண்டும். நிபந்தனை மீறப்படின் இசைவு தானே முடிவுறும். மீறலை அறிந்த 30 நாள்களுக்குள் திருத்தினால் மீண்டும் உயிர்பெறும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 57-ஆம் பிரிவும், பதிப்புரிமையைப் பிறர்க்கு வழங்கிய பின்னரும் படைப்பைத் தமதென உரிமைகோரும் உரிமையை ஆக்கியோர்க்கு அளிக்கிறது.

சட்டத்தினும் ஆய்வுநெறி இங்கு முதன்மையானது. கல்வெட்டுப் படம் கட்டுரைக்கு அணி அன்று, சான்று. எழுத்தொன்றின் வடிவம் குறித்து ஐயம் எழும்போது, அது எங்கு, எப்போது, எவரால் எடுக்கப்பட்டது, செம்மையாக்கத்தில் கோடுகள் மாறினவா என்பனவற்றை அறிய மூலப்பக்கமே வழி. மூலம் சுட்டப்படாத படம், ஏடு சுட்டப்படாத பாடவேறுபாடு போன்றது. ஆதலின் பெயர் குறிப்பிட வேண்டாவென உரிமைகளைத் துறந்து பொதுவில் அளிக்கப்பட்ட படங்களுக்கும் ஆய்விதழில் மூலம் சுட்டப்படுதல் வேண்டும்.

இந்நெறி தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்பு முன்னுரைகளில் ஏட்டுச்சுவடிகள் கிடைத்த இடங்களையும் அவற்றை அளித்தோர் பெயர்களையும் பதிவுசெய்தார். அப்பட்டியல்கள் நன்றியறிதலாக மட்டுமன்றிச் சுவடிகளின் வரலாறாகவும் இன்று பயன்படுகின்றன. வெயிலில் நடந்து நடுகல்லைப் படமெடுத்துப் பொதுவில் வைக்கும் தன்னார்வலர், அன்று ஏடளித்தோரின் இடத்தில் நிற்பவர். ஊதியம் பெறாத அவருழைப்பிற்குக் கிடைக்கும் ஒரே கைம்மாறு பெயர்ச்சுட்டே எனின், அதனையும் மறுத்தல் தகுமா?

அச்சிதழில் இடம் போதாது என்பர் சிலர். பயன்படும் ஊடகத்திற்கேற்ற முறையில் சுட்டலாம் என உரிமமே நெகிழ்வு தருகிறது; கட்டுரை இறுதியில் படப்பட்டியல் அமைப்பினும் போதும். ‘கடற்கரைக் கோயில், மாமல்லபுரம், படம்: எடுத்தவர் பெயர், விக்கிமீடியா பொதுவகம், மூல இணைப்பு, ஆக்குநர்சுட்டு–இணைப்பகிர்வு 4.0, ஓரங்கள் வெட்டப்பட்டன’ என்னும் அளவில் ஒரு குறிப்பு அமையலாம். பல்கலைக்கழக ஆய்விதழ்கள் தம் கட்டுரை நெறிமுறைகளில் இதனைச் சேர்த்து, மதிப்பீட்டாளர்கள் மேற்கோளைச் சரிபார்ப்பது போலவே படக்குறிப்பையும் சரிபார்த்தல் வேண்டும். ‘நன்றி: இணையம்’ என்னும் குறிப்புடன் வரும் கட்டுரையைத் திருத்தத்திற்குத் திருப்பி அனுப்புவது அதற்குரிய முதற்படியாகும்.